உவகை என்னும் மெய்ப்பாடு
ஓட்டிசம் உடையோரின் மகிழ்ச்சியும் நமது கலை நோக்கும்

ஒரு மனிதன் மகிழ்ந்திருக்கிறான் என்பதை நாம் எதைக்கொண்டு அறிகிறோம்? இவ்வினா இலக்கிய மாணவனுக்குப் புதியதன்று. உள்ளத்து உணர்வு உடலின்கண் வெளிப்படும் வகைமையை ஆராய்வதற்கென்றே தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலை வகுத்தார். அவர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் இறுதியில் நிற்பது உவகை. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கும் அதற்கு நிலைக்களன்கள். அல்லல் நீங்கிய நிலையே உவகை என்பதும் அவர் கொள்கை. இச்சூத்திரங்களைப் பல்கலைக்கழகத்தில் நெட்டுருப் பண்ணித் தேர்வெழுதித் தேறிய நாம், அவற்றின் பொருளை ஜெயபுரத்தில் ஒரு சிறுவனிடம் கற்க நேர்ந்தது.

ஜெயபுரம் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரிவில் உள்ள கிராமம். கமமும் நாட்கூலியுமே இங்கு வாழ்வு. அச்சிறுவனுக்குப் பத்து வயதிருக்கும். பேச்சு மிகக் குறைவு. வீதியோரத்துச் சைக்கிள் திருத்தும் கொட்டிலில், தலைகீழாக நிறுத்தப்பட்ட சைக்கிளின் சில்லைச் சுழற்றிவிட்டு, கம்பிகள் ஒன்றோடொன்று கலந்து ஒளிவட்டமாவதைப் பார்த்து நிற்பான். அப்போது அவனுடைய இரு கைகளும் சிறகுபோல் அடித்துக்கொள்ளும், நுனிக்காலில் எழும்புவான், தொண்டைக்குள்ளிருந்து ஓர் ஒலி வரும். முகத்திலே புன்னகை இராது. அருகில் நிற்பவரைத் திரும்பியும் பாரான். வகுப்பறையிலும் அவ்வப்போது கைகள் அவ்வாறே எழும். பிற மாணவர் சிரிப்பர். ‘கையைக் கட்டு’ என்று நாம் அதட்டினோம். ஒழுங்கென்று நாம் கற்றதும் கற்பித்ததும் அதுதானே! ஒருநாள் அவனுடைய தாய் வந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சேர், அவன் கையாலதான் சிரிக்கிறவன். கையைக் கட்டிவிட்டா என்னெண்டு சிரிப்பான்?”

பள்ளிப் படிப்பை இடையில் விட்ட அப்பெண்மணியின் கேள்விக்கு முன்னால் நமது பட்டம் தலைகுனிந்தது. இக்கட்டுரை அவளுக்குத் தரவேண்டிய மறுமொழி. ஓட்டிசம் உடையோரின் மகிழ்ச்சியை நமது கலையும் கல்வியும் எவ்வாறு நோக்கி வந்திருக்கின்றன, எவ்வாறு நோக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். ‘தான்’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது ஓட்டிசம். தமிழகத்தார் ஆட்டிசம் என்று ஒலிப்பர். ‘மதியிறுக்கம்’ என்று மொழிபெயர்ப்போரும் உளர். இறுகிய மதி என்றால் உணர்வு உட்புகவும் வெளிவரவும் வழியற்ற மதி என்றல்லவா பொருள்படும்? ஒரு மக்கட் கூட்டத்தின் உள்ளத்தை ஆராயுமுன்பே அதைப் பூட்டிய அறையென்று பெயரிட்டுவிடும் சொல்லை முற்போக்காளர் ஐயத்துடனேயே கையாளுதல் தகும்.

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்தே இத்துறை விரிவாக வளர்ந்தது. அதற்கு முன்னரே 1920களின் நடுப்பகுதியில் சோவியத் மருத்துவர் குரூன்யா சுகரேவா இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். உலகம் அதை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. கானரின் கட்டுரையில் முதலாவதாக வரும் சிறுவன் டொனால்ட். அவனுடைய தந்தை மருத்துவருக்கு முப்பத்து மூன்று பக்கக் கடிதம் அனுப்பினார். தனியே விடப்பட்டபோதே மகன் மிகவும் மகிழ்ந்திருக்கிறான் என்பது அதில் அவர் கண்ட உண்மை. உருளக் கூடியவற்றையும் வட்டமானவற்றையும் சுழற்றிவிட்டு, அவை சுழல்வதைக் கண்டு அவன் துள்ளிக் குதித்தான் என்பதும் பதிவாயிற்று. மிசிசிப்பியின் சிற்றூரிலே சுழன்ற பாத்திரமும் ஜெயபுரத்திலே சுழலும் சைக்கிள் சில்லும் ஒரே உவகைக்கே சாட்சி கூறுகின்றன. எனினும் மருத்துவக் கட்டுரையில் அது நோயின் குறி என்ற தலைப்பின்கீழ்ச் சென்று சேர்ந்தது. கண்ணாற் கண்ட மகிழ்ச்சி கோட்பாட்டிற் காணாமற் போயிற்று.

கோட்பாடு அதனோடும் நிற்கவில்லை. இக்குழந்தைகளின் நிலைக்குப் பெற்றோரின், சிறப்பாகத் தாயின், அன்பின்மையே காரணம் என்ற கருத்துப் பரவியது. 1967இல் புருனோ பெத்தல்ஹைம் எழுதிய நூலின் தலைப்பே ‘வெறுமையான கோட்டை’ என்று பொருள்படும். உள்ளே ஆளில்லை என்பது அதன் உட்கிடை. பிற்கால ஆராய்ச்சி இக்கருத்தை அடியோடு தள்ளியது. பிறப்பிலேயே அமையும் மூளை வளர்ச்சி வேறுபாடே ஓட்டிசம் என்பதும், மரபணுக்களுக்கு அதிற் பெரும் பங்குண்டு என்பதும் இன்று நிலைபெற்ற முடிபுகள். ஆயினும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் வழக்கம் ஒழிந்துவிட்டதா? நமது ஊர்களில் பேசாத குழந்தையைக் கண்டால் ‘நாவூறு பட்டது’ என்பர். ‘பயந்துவிட்டது, நூல் கட்டு’ என்பர். ‘தாய் கதைச்சுப் பழக்கேல்லை’ என்பர். மேல்நாட்டு மேதையின் நூலும் நமது ஒழுங்கைத் திண்ணையும் தாயைப் பழிப்பதில் ஒன்றுபட்டு நிற்பது காண்க.

டொனால்டின் பின்கதை இலக்கியவாதிகள் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. டொனால்ட் டிரிப்லெட் 1933இல் பிறந்தார். மூன்று வயதில் ஒரு விடுதியில் அடைக்கப்பட்டு, பின் பெற்றோரால் மீட்கப்பட்டார். சில ஆண்டுகள் ஒரு கமக்காரத் தம்பதியுடன் வாழ்ந்தார். அவருடைய எண்ணும் ஆவலை அவர்கள் அடக்கவில்லை. சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே ஏர் உழச் செய்தனர். கிணற்றின் ஆழத்தை அளக்கவிட்டனர். அக்கமக்காரர் உளநூல் கற்றவரல்லர். ஆயினும் ஒருவனுடைய மகிழ்ச்சியை வெட்டி எறியாது அதையே உழைப்போடு இணைத்த அவர்களுடைய நுண்ணறிவை எந்தக் கல்லூரி கற்பிக்கும்? டொனால்ட் பின்னர் பட்டம் பெற்றார், சொந்த ஊரின் வங்கியிலே பணிபுரிந்தார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குப் பயணம் செய்தார், 2023இல் தமது 89ஆம் வயதில் மறைந்தார். அவ்வூரார் அவரை அவராகவே ஏற்றுக்கொண்டனர் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர்.

இதைக் கண்டு நெஞ்சம் நெகிழ்வது எளிது. நெகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் முற்போக்கு விமர்சனத்திற்கு அழகன்று. அந்த வங்கி அவருடைய தாய்வழிக் குடும்பத்தாரின் உடைமை, தந்தை வழக்கறிஞர், குடும்பம் வெள்ளையர் குடும்பம், இடம், நிறவெறி கோலோச்சிய மிசிசிப்பி. அதே ஆண்டில் அதே ஊரிலே ஒரு கறுப்பினக் கூலியாளின் வீட்டில் அத்தகைய குழந்தை பிறந்திருந்தால், அது எண்ணி மகிழச் சோள வரிசையும் கிடைத்திராது. அதைப் பற்றி முப்பத்து மூன்று பக்கம் எழுதத் தகப்பனுக்கு ஓய்வும் கிடைத்திராது. உவகையின் நான்கு நிலைக்களன்களுள் செல்வத்தைத் தொல்காப்பியர் முதலில் வைத்தது வெறும் எண்ணு முறையோ, ஆழ்ந்த உலகியல் அறிவோ, நாம் அறியோம். ஆனால் உலகியல் அவ்வாறுதான் இருக்கிறது.

இனி, ஓட்டிசம் உடையோர் தாமே எழுதியவற்றை நோக்குவோம். டெம்பிள் கிராண்டின் 1947இல் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. கால்நடைத் தொழுவங்களை வடிவமைக்கும் அறிஞர். மனிதரின் அணைப்பு அவருக்குப் பேரலைபோற் பொறுக்கவொண்ணாததாக இருந்தது. ஆயினும் அழுத்தத்தின் அமைதிக்காக அவருடைய உடல் ஏங்கியது. மாடுகளை ஊசிக்காக நிறுத்தும் மரச்சட்டத்தைக் கண்டு, அதுபோன்ற ஒன்றைத் தமக்கென இளமையிலேயே செய்துகொண்டார். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைத் தாமே ஆளக்கூடிய அணைப்பு அது! மலைக்காட்சியும் அந்திவானமும் பிறருக்குத் தரும் பரவசம் தமக்குக் கிட்டுவதில்லை என்று ஒலிவர் சாக்ஸ் என்னும் மருத்துவ எழுத்தாளரிடம் அவர் ஒளிவின்றிக் கூறினார். அதனால் அவர் மகிழ்ச்சியற்றவர் என்று கொள்ளலாமா? படங்களாகவே சிந்திப்பதை விளக்கி 1995இல் அவர் எழுதிய நூலைப் படிப்போர், ஒரு வடிவமைப்பை மனக்கண்ணில் சுழற்றிச் சரிபார்க்கும் இன்பம் அந்திவானத்தின் இன்பத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று என்பதை உணர்வர். தொல்காப்பியர் கூறும் ‘புலன்’ என்பதற்குக் கல்வியின் பயனாகிய அறிவு என்று உரை கூறுவதுண்டு. ஐம்பொறியின் நுகர்ச்சி என்று கொள்ளவும் இடமுண்டு. கிராண்டினிடம் இரு பொருளும் ஒருங்கே பொருந்துகின்றன.

நமக்கு அணித்தான சான்று தித்தோ ராஜர்ஷி முகோபாத்யாய். 1989இல் பிறந்து, மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்தவர். வாய்ப்பேச்சு அரிதான இவ்விளைஞரின் எழுத்து 2000இல் பிரித்தானியாவில் நூலாயிற்று. தம் உடல் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பதாகத் தோன்றும்போது, சுழல்வதால் அது ஒன்றுகூடுவதாக உணர்வதை அவர் எழுதியுள்ளார். வெளியில் நிற்பவருக்குக் காரணமற்ற சுழற்சி. சுழல்பவருக்கோ சிதறிய தன்னைச் சேர்த்தெடுக்கும் செயல். இங்கு ஒன்றை மறைக்காது சொல்ல வேண்டும். அவருடைய தாய் வகுத்த பயிற்சிமுறையைப் பிற குழந்தைகளிடத்துப் பயன்படுத்தும்போது, எழுதுவது குழந்தையா, அருகிலிருந்து தூண்டுபவரா என்ற வழக்கு எழுந்துள்ளது. 2018இல் அமெரிக்கப் பேச்சு மருத்துவர் சங்கம் அம்முறைக்கு எதிராக அறிக்கை விடுத்தது. அவ்வழக்கு நியாயமானதே. பிறர் வாயில் நமது சொல்லைத் திணிப்பதும் ஒருவகை வாயடைப்பே. ஆனால் தித்தோ பின்னர்த் தம் கையாலேயே எழுதக் கற்றவர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இப்போது நமது கலைகளுக்கு வருவோம். தமிழ்த் திரைப்படம் இத்தகைய குழந்தைகளை அறியாததன்று. 1990இல் வெளிவந்த மணிரத்தினத்தின் ‘அஞ்சலி’ ஓட்டிசத்தைப் பற்றியதன்று. அறிவு வளர்ச்சி குன்றிய, நெடுநாள் வாழ வியலாத பெண்குழந்தையின் கதை. ஆயினும் அது வகுத்த வழி பின்வந்தோருக்கு முன்மாதிரியாயிற்று. குழந்தை வருகிறாள், வெறுத்தவர் மனம் மாறுகிறது, குழந்தை இறக்கிறாள், நாம் அழுகிறோம். அவளுடைய வாழ்வு பிறர் உள்ளத்தைத் திருத்துவதற்கான கருவியாகிறது. தொல்காப்பியர் அழுகைக்குச் சொன்ன நிலைக்களன்களுள் ஒன்று இழவு. அவளது உவகை, நமது அழுகைக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது.

2013இல் வெளிவந்த குமரவேலனின் ‘ஹரிதாஸ்’ இதனினும் பல படி முன்னேறியது. ஓட்டிசம் உடைய சிறுவனையும் காவல்துறை அதிகாரியான தந்தையையும் ஓர் ஆசிரியையையும் கொண்டு புனைந்த இப்படம், மிகையான நகைச்சுவைக்கோ அருவருப்புக்கோ இடந்தராது, பொறுமையோடு அச்சிறுவனைப் பார்த்தது. அதற்காக நாம் நன்றி கூறக் கடமைப்பட்டவர்கள். குதிரையின் ஓட்டத்தில் அவன் ஈடுபடும் இடம் நமக்கு மிக உவப்பானது. அங்கே அவன் யாருக்காகவும் மகிழவில்லை. ஆனால் கதை அதனோடு நில்லாது பந்தயத்தை நோக்கி ஓடுகிறது. ஓட்டத்தின் இன்பம் வெற்றியின் சான்றிதழாக மாறுகிறது. மெய்ப்பாட்டியலின் மொழியிற் சொன்னால், உவகையாகத் தொடங்கியது பெருமிதமாக முடிகிறது. பெருமிதம் இழிவானதன்று. எனினும் சிறுவன் வென்றிராவிட்டால் அவனுடைய ஓட்டம் பயனற்றதாகியிருக்குமா? குதிரையோடு மட்டும் ஓடிக் களித்து வீடு திரும்பும் பிள்ளைக்கு நமது திரையில் இடமில்லையா?

ஏன் இவ்வாறு நேர்கிறது? விலைபோகும் ஆற்றலையே மனிதனின் மதிப்பாகக் கொள்ளும் சமுதாயம், விலைபோகாத மகிழ்ச்சியைக் கண்டு திகைக்கிறது. ஒன்று, அதை இரக்கத்துக்குரியதாக்கி அழுகிறது. அன்றேல், அதிசயத் திறமையாக்கிக் கைதட்டுகிறது. நொடிப்பொழுதில் கணக்குப் போடுபவன், ஒருமுறை கேட்ட பாட்டை அப்படியே இசைப்பவன் என்று அரிதாகச் சிலரிடம் காணும் திறனை எல்லோர்க்கும் உரியதாக்கி 1988இன் ‘ரெயின் மேன்’ படந்தொட்டுக் காட்டி வருவதன் பொருளும் அதுவே. திறமை இல்லாத ஓட்டிசக் குழந்தையைச் சந்தை மன்னிப்பதில்லை.

முற்போக்கு இலக்கியக்காரராகிய நாமும் இதிற் குற்றமற்றவர்கள் அல்லேம். உழைப்பாளியைப் பாடினோம், தகும். ஊர்வலத்தின் உவகையைப் பாடினோம், தகும். ஆனால் கூட்டத்தில் நிற்க முடியாத, கோஷத்தின் ஓசை செவியைக் கிழிப்பதாக உணர்கிற ஒருவனுக்கு நமது கதைகளில் என்ன இடம் தந்தோம்? தனிமையில் இன்பங் காண்பவனைச் சமுதாய விரோதி என்றோ, நைந்துபோன நடுத்தர வர்க்கத்தின் சின்னம் என்றோ எளிதில் முத்திரை குத்தினோம். அவரவர் ஆற்றலுக்கேற்ற உழைப்பு, அவரவர் தேவைக்கேற்ற பங்கு என்ற கோட்பாட்டை 1875இல் மார்க்ஸ் முன்வைத்தார். அந்தத் ‘தேவை’ என்ற சொல்லுக்குள் அரிசியும் வீடும் மட்டுந்தான் அடங்குமா? ஓசையற்ற ஒரு மூலை, சுழலும் ஒரு சில்லு, அதட்டப்படாத இரு கைகள், இவை அடங்காவா?

ஓட்டிசம் உடையோருக்குப் பிறர் உள்ளம் விளங்காது என்பது நெடுநாட் கொள்கை. 2012இல் பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன், தாமும் ஓட்டிசம் உடையவர், இக்கொள்கையைத் தலைகீழாக்கிப் பார்த்தார். விளங்காமை இருபுறத்ததும் ஆகும். அவர்கள் நம்மை அறியாததுபோலவே நாமும் அவர்களை அறியோம். ஆயினும் குறைபாடு என்ற பெயர் ஒரு பக்கத்தார்க்கே சூட்டப்படுகிறது என்றார். 2020இல் எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் முதலானோர் நடத்திய சோதனையில், ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து மற்றொருவர் காதுக்கு அனுப்பியபோது, ஓட்டிசம் உடையோர் தமக்குள் அதைப் பிறரைப் போலவே செவ்வனே கடத்தினர். இருவகையினரும் கலந்த வரிசையிலேதான் செய்தி மிகுதியாகச் சிதைந்தது. குறை ஆளிடத்தில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது என்பதற்கு இது வலிய சான்று.

வியப்பென்னவென்றால், மெய்ப்பாட்டியலின் இறுதிச் சூத்திரமும் பார்ப்பவனையே நோக்கிப் பேசுகிறது. கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரவல்ல உணர்வுடையார்க்கன்றி, மெய்ப்பாட்டின் பொருள் எண்ணுதற்கும் அரிது என்பது அதன் கருத்து. தொல்காப்பியர் ஓட்டிசத்தை அறிந்திருந்தார் என்று சொல்லும் பழம்பெருமைப் பித்து நமக்கில்லை. அவர் பேசியது செய்யுளைப் பற்றி. ஆனால் உணர்வு வெளிப்படவில்லை என்று உரைப்பதற்கு முன், உணரும் கண் நமக்குண்டா என்று கேட்க வேண்டும் என்ற நெறியை அச்சூத்திரம் தருகிறது. விமர்சகனுக்கும் ஆசிரியனுக்கும் அதுவே முதற்பாடம்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓட்டிசம் உடையோர் அனைவரும் இன்பத்தில் திளைப்பவர் என்று கனவு காண்பது இன்னொரு பொய்மை. ஓசை, ஒளி, கூட்டம், திடீர் மாற்றம் ஆகியவை தரும் வேதனை பெரிது. உறக்கமின்மையும் வலிப்பும் பலரை வருத்துகின்றன. கைகளை அடித்துக்கொள்வது களிப்பாலும் இருக்கலாம், கலக்கத்தாலும் இருக்கலாம். ஸ்டீவன் காப் முதலானோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசம் உடைய வளர்ந்தோர், இத்தகைய அசைவுகள் மிகுந்த உணர்ச்சியைத் தாங்கவும் தணிக்கவும் உதவுவன என்றும், அவற்றை வலிந்து ஒழிக்கும் சிகிச்சை வேண்டாம் என்றும் கூறினர். எது களிப்பு, எது கலக்கம் என்று பிரித்தறிவதற்கு வாய்பாடு கிடையாது. அந்த ஒருவனை நாள்தோறும் பார்த்தறிதலே வழி. சைக்கிள் சில்லின் முன் எழும்பும் கையும், பாடசாலை மணியோசையில் எழும்பும் கையும் வேறு வேறு என்பதை அத்தாய் அறிவாள். நாம் அறிய ஓராண்டு சென்றது.

இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுடைய 374 குழந்தைகளைச் சோதித்த பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர், 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசத்தைக் கண்டதாக 2009இல் வெளியிட்டனர். சிறிய ஆய்வேயாயினும் அது சொல்வது தெளிவு: இக்குழந்தைகள் எங்கோ இல்லை, நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள், அல்லது வகுப்பறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளை அதன் காரணமாகவே கல்வி நிலையத்தில் சேர்க்க மறுத்தலை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது; மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. ஏட்டிலே உரிமை உண்டு. ஆனால் பேச்சுச் சிகிச்சைக்காக நகரத்துக்குப் பஸ் ஏறும் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். கூலியை இழந்தால் அடுப்பெரியாது. முதலில் அல்லல் நீங்கட்டும், அதன்பின் உவகை பிறக்கும் என்ற நூற்பாவின் நெறியை நாட்டின் வரவுசெலவுத் திட்டம் கற்க வேண்டும். பயிற்சி பெற்ற விசேட கல்வி ஆசிரியர், ஊருக்கு வரும் சிகிச்சையாளர், தாய்மார்க்கு உதவுதொகை ஆகியவை சலுகையல்ல, உரிமை. அவற்றுக்காக ஆசிரியர் சங்கங்கள் குரலெழுப்ப வேண்டும்.

எழுத்தாளரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். தமிழகத்தில் யெஸ். பாலபாரதியின் ‘துலக்கம்’ போன்ற நாவல், ஓட்டிசம் உடைய சிறுவனைக் கதையின் நடுவே நிறுத்தி வழி திறந்துள்ளது. வன்னியின் மண்ணிலிருந்தும் அத்தகைய எழுத்துப் பிறக்க வேண்டும். அதிலே குழந்தை இறக்க வேண்டியதில்லை; பந்தயத்தில் வெல்ல வேண்டியதுமில்லை. அது ஒரு பிற்பகலில் ஒரு சில்லைச் சுழற்றி மகிழட்டும். அந்த மகிழ்ச்சியை அழுகையாகவோ பெருமிதமாகவோ மாற்றாது, உவகையாகவே எழுதிக் காட்டவல்லவனை நாம் கலைஞன் என்போம்.

1993இல் ஜிம் சின்கிளேயர் என்னும் ஓட்டிசம் உடைய எழுத்தாளர், எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பெற்றோரை வேண்டினார். அவ்வேண்டுகோளை ஆசிரியர்க்கும் உரியதாக நாம் கொள்கிறோம். இப்போது எமது வகுப்பறையில் கைகட்டும் வழக்கம் இல்லை. முதலிற் சிரித்த மாணவர் பின்னர்ச் சிரிப்பதை விட்டனர். கணித பாடத்தில் வட்டத்தின் சுற்றளவைக் கற்பித்த அன்று, ஒரு மாணவி தன் சைக்கிளை உள்ளே கொண்டுவந்து தலைகீழாக நிறுத்தினாள். சில்லு சுழன்றது. பின்வரிசையிலிருந்து இரு கைகள் எழுந்து அடித்துக்கொண்டன. வகுப்பு அதைப் பார்த்தது. பின் பாடத்துக்குத் திரும்பியது. அத்தாயின் கேள்விக்கு நாம் தரக்கூடிய மறுமொழி இப்போதைக்கு இவ்வளவே.